சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு ஒரு அமைப்பு: தொடங்குபவர்களுக்கு

ஜாமீன் உத்தரவு நீதிமன்றத்திலிருந்து சிறைக்கு வந்து, சரிபார்த்து, கையெழுத்தாகி முடிவதற்குள் பெரும்பாலும் மாலையாகிவிடும். வெளியே வருபவர் கையில் ஒரு துணிப்பையோ பிளாஸ்டிக் பையோ இருக்கும். அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை, மாத்திரை அட்டை, மடித்து மடித்துக் கிழிந்துபோன வழக்குத் தாள். போன் இருக்காது. கைதானபோது எடுத்த போன் காவல் நிலையத்திலோ, கேஸ் சொத்தாக நீதிமன்றத்திலோ இருக்கும். ஆதார் அட்டையும் பர்ஸும் எங்கே என்று அவருக்கே தெரியாது. பழைய நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும். வீட்டு நம்பர் மனப்பாடமாக இருந்தால் அதிர்ஷ்டம்.

நீங்கள் தொடங்க நினைக்கும் அமைப்பின் வேலை இந்தப் பையிலிருந்துதான் தொடங்குகிறது. தன்னம்பிக்கைப் பேச்சும் யோகா வகுப்பும் தையல் மெஷின் வழங்கும் விழாவும் பிறகு வரட்டும், வராமலும் போகலாம். முதல் 90 நாளில் ஒருவருக்குப் படுக்க இடம், பேச போன், காட்ட அடையாளச் சான்று, தவறாமல் போக வேண்டிய வாய்தா தேதி ஆகிய நான்கும் ஒழுங்கானால் மற்றதற்கு வழி பிறக்கும். இதில் ஒன்று சறுக்கினாலும் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதப்பட்டது.

யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"சிறையிலிருந்து வரும் எல்லோருக்கும்" என்று தொடங்கும் அமைப்பு ஆறு மாதத்தில் மூச்சுத் திணறும். வெளியே வருபவர்களில் பல வகை உண்டு. ஜாமீனில் வரும் விசாரணைக் கைதிக்கு வழக்கு இன்னும் நடக்கிறது. அவருடைய முதல் தேவை வக்கீலும் வாய்தாவும். தண்டனை முடிந்து வருபவருக்கு நீதிமன்றத் தொல்லை இல்லை, ஆனால் குடும்பமும் வேலையும் அறுந்திருக்கும். பதினைந்து, இருபது வருடம் கழித்து முன்விடுதலையாகும் ஆயுள் கைதிக்கு யுபிஐ தெரியாது, ஸ்மார்ட்போன் தெரியாது, தன் ஊர் பஸ் ஸ்டாண்டே இடம் மாறியிருக்கும். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பும் நிபந்தனைகளும் கூடவே வரும். குண்டர் சட்டத்தில், அதாவது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தில், அடைக்கப்பட்டு வருபவருக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கைந்து வழக்குகள் காத்திருக்கும்.

முதல் வருடம் ஒரே வகை, ஒரே சிறை, அதைச் சுற்றி ஒன்று அல்லது இரண்டு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய மத்திய சிறைகளில் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பது எதுவோ அதுதான் உங்கள் சிறை. ஒரு களப்பணியாளர் ஒரே சமயத்தில், முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களாகப் பதினைந்து பேருக்கு மேல் பார்க்க முடியாது. அதற்கு மேல் போனால் கோப்பில் மட்டும்தான் பார்ப்பார்.

பதிவு

மூன்று வழிகள் உண்டு: சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேருடன் சங்கம், 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பிரிவு 8-இன் கீழ் லாப நோக்கமற்ற கம்பெனி. சிறிதாகத் தொடங்க அறக்கட்டளை எளிது. ஆனால் அறங்காவலர்கள் கணவன், மனைவி, மச்சான் என்று ஒரே வீட்டிலிருந்து இருந்தால் பெரிய நன்கொடையாளர்கள் பத்திரத்தைப் பார்த்ததும் திருப்பிவிடுவார்கள். நோக்கப் பகுதியில் "சிறைவாசிகள், விடுதலையானோர், அவர்கள் குடும்பத்தினரின் சட்ட உதவி, மறுவாழ்வு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். "சமூக நலம்" என்று பொதுவாக எழுதிவிட்டு, பிறகு சிறைத்துறையில் அனுமதி கேட்கும்போது பத்திரத்தைத் திருத்த ஓடுவது பலருக்கும் நேர்கிறது.

அதன் பிறகு அமைப்பின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் அறநிறுவனப் பதிவு, நன்கொடையாளருக்கு விலக்குத் தரும் 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் சி.எஸ்.ஆர்-1 பதிவும் வேண்டும். வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். அதற்கான பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடச் செயல்பாடும், அந்த மூன்று வருடத்தில் முக்கியப் பணிக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும்.

சிறைக்குள் போவது

வேலை விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். சிறைக்குள் போக அனுமதி சென்னை எழும்பூரில் உள்ள சிறைத்துறைத் தலைமையகத்திலிருந்து வர வேண்டும். விண்ணப்பத்தில் என்ன பணி, வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம், வருபவர்களின் பெயரும் ஆதாரும், செலவு யாருடையது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பத்துப் பக்க அறிமுகப் புத்தகம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். போகும் நாளில் போன், கேமரா, பென் டிரைவ் வெளியே. சிறைவாசி கொடுக்கும் சீட்டையோ கடிதத்தையோ வெளியே கொண்டுவருவதும், வெளியிலிருந்து ஒரு பீடிக்கட்டை உள்ளே கொண்டுபோவதும் ஒன்றுதான்: பிடிபட்டால் அனுமதி அன்றோடு முடிந்தது. இரக்கப்பட்டுச் செய்யும் தன்னார்வலர்தான் இதில் மாட்டுவார். முதல் நாளே சொல்லிவையுங்கள்.

உள்ளே மூன்று பேரை அறிந்துகொள்ளுங்கள்: சிறை நல அலுவலர், சட்ட உதவி மையத்துக்கு வரும் வக்கீல், விடுதலைப் பிரிவைப் பார்க்கும் எழுத்தர். மூன்றாமவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யார் எந்தத் தேதியில் வெளியே போகிறார் என்பது அவர் மேஜையில்தான் இருக்கிறது. மாவட்ட நன்னடத்தை அலுவலரும் சிறைத்துறையைச் சேர்ந்தவர்தான். விடுதலை பெற்ற சிறைவாசிகள் நலச் சங்கத்தின் உதவிக்கான விண்ணப்பமும் அவர் வழியாகப் போகும்.

உள்ளே சந்திக்கும்போது "என்ன செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "எந்த ஊருக்குப் போகப் போகிறீர்கள், யார் வருவார்கள், யார் வரக்கூடாது" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பழிக்குப் பழி வழக்குகளில் ஜாமீனில் வந்தவர்களை எதிர்க்கோஷ்டி வெட்டிய சம்பவங்கள் உண்டு. அப்படிப்பட்டவர் ஊருக்குப் போவதுதான் ஆபத்து. வேறு மாவட்டத்தில் அறை பார்த்து, சிறை வாசலிலிருந்து நேராக அங்கே கூட்டிப்போக வேண்டும். வண்டி எப்போது வரும், யார் ஓட்டுவார்கள் என்பதை அமைப்புக்குள் இரண்டு பேருக்கு மேல் தெரியவிடாதீர்கள்.

வழக்குப் பட்டியல்

ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்து, குடும்பம் மாலையோடு வாசலில் நிற்கும். இன்னொரு ஊர் நீதிமன்றத்தின் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காகத் தன் முன் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) இருப்பதால் ஆள் வெளியே வரமாட்டார். அதனால் முதலில் எல்லா வழக்குகளையும் பட்டியலிடுங்கள்: காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், அடுத்த தேதி, வக்கீல். இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். எண் இல்லாவிட்டால் பெயரை வைத்துத் தேடலாம், ஆனால் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

இலவச வக்கீலுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 479-ஐயும் படித்துவையுங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாதபோது, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையும் மற்றவர்கள் பாதியையும் உள்ளேயே கழித்திருந்தால் ஜாமீனுக்கு வழி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்த வழி அடைபடும். பட்டியல் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல், அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. ஏழைச் சிறைவாசிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டுக்கும் பண உதவி உண்டு. 2023-இல் வந்த வழிகாட்டுதலில் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை என்று வரம்பு இருந்தது. மாவட்டக் குழுதான் முடிவு செய்யும். போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. உங்கள் நன்கொடைப் பணத்தில் அபராதம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுப்பாருங்கள்.

வெளியே வந்த பிறகு ஆளைக் கெடுப்பது கண்டிஷன் கையெழுத்து. தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், காலை எட்டு மணிக்குத் தொடங்கும் எந்த வேலையும் நிலைக்காது. நிபந்தனையைத் தளர்த்தும்படி மனுப் போட வக்கீலிடம் முதல் வாரமே சொல்லுங்கள். அதுவரை கையெழுத்து முடிந்து போகக்கூடிய மதிய ஷிப்ட் வேலையாகப் பாருங்கள். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட். அதைப் பார்த்துப் பயந்து ஒளிபவர்கள்தான் அதிகம். வாரண்ட் வந்தது தெரிந்ததும் வக்கீலோடு நேரில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனுப் போட்டால் பல நேரம் தீர்ந்துவிடும். போலீஸ் பிடித்துப்போனால் மறுபடி உள்ளே. வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன், முதல் நாள் மாலை ஒரு போன், அன்று காலை ஒரு போன். இந்த மூன்று அழைப்புக்கு ஒரு ஆளை நியமியுங்கள். அமைப்பில் இதைவிட லாபமான வேலை வேறில்லை.

பெயர் தகராறு

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆதாரில் "மு. செல்வம்". பள்ளிச் சான்றில் "செல்வகுமார்". ரேஷன் அட்டையில் அப்பா பெயர் எழுத்துப்பிழையோடு. முதல் தகவல் அறிக்கையில் "கருவாயன் (எ) செல்வம்". சிறைப் பதிவேட்டில் அதே பெயர் அப்படியே ஏறியிருக்கும். விடுதலைச் சான்றிலும் அதுதான் வரும். அதைக் கொண்டுபோய் வங்கியில் நீட்டினால், பெயர் பொருந்தவில்லை என்பார்கள். பி.எஃப். கணக்கும் ஆதாரும் பொருந்தாமல் முதல் மாதச் சம்பளத்திலேயே சிக்கும்.

அதனால் எந்த விண்ணப்பத்துக்கும் முன், ஒருவருடைய எல்லாத் தாள்களிலும் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை ஒரே தாளில் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். பிறகு ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றதைச் சரிசெய்யுங்கள். வரிசை முக்கியம். முதலில் சிம். அடுத்து ஆதாரில் அந்த நம்பரை இணைத்து, தேவைப்பட்டால் கைரேகையைப் புதுப்பித்தல். அடுத்து ரேஷன் அட்டை. வீட்டார் பெயரை நீக்கியிருந்தால் மறுபடி சேர்த்தல். பிறகு வங்கி. நம்பர் இணைக்காமல் மற்றதைத் தொடங்கினால் ஓ.டி.பி. வராமல் நான்கு முறை அலைய வேண்டும்.

இரண்டு வருடமாக வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக மாற்றியிருக்கும். அடையாளச் சான்று கொடுத்து உயிர்ப்பிக்கலாம். பத்து வருடம் தாண்டியிருந்தால் பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருக்கும், அதையும் வங்கி மூலம் கேட்டு வாங்கலாம். நீண்ட தண்டனை முடித்தவர்கள் இது தெரியாமல் பழைய பாஸ்புக்கைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி தேர்வு எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும். வாக்குரிமை பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள்: சிறைக்குள் இருக்கும்வரைதான் வாக்களிக்க முடியாது, வெளியே வந்ததும் முடியும். விடுதலை நாளன்று சிறையில் உள்ள தனிப் பணக் கணக்கு, வேலைக்கான கூலி, ஒப்படைத்த பொருள்கள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கச் சொல்லுங்கள். பிறகு போய்க் கேட்பது கடினம்.

இடம், பணம், உடம்பு

விடுதி கட்ட வேண்டாம். பத்துப் பேரை ஒரே கூரையின் கீழ் வைத்தால் அது வெளியே ஒரு சின்னச் சிறை ஆகிவிடும், பழைய கூட்டும் அங்கேயே சேரும். அமைப்பின் பெயரில் இரண்டு மூன்று அறைகளை வேறு வேறு தெருவில் வாடகைக்கு எடுங்கள். வீட்டு உரிமையாளரிடம் யாருக்கு என்பதை மறைக்காதீர்கள். மறைத்து, போலீஸ் ஒரு நாள் வந்து விசாரித்தால் அறையும் போகும், அடுத்த அறையும் கிடைக்காது.

ஒருவருக்கு முதல் மூன்று மாதத்துக்கு 25,000 முதல் 35,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள்: வாடகையில் ஒரு பங்கு, சாப்பாடு, கீபேட் போன், இரண்டு செட் உடை, செருப்பு, பஸ் பணம், சான்றுகளுக்கான செலவு. வாடகையையும் மருந்தையும் நேரடியாகக் கட்டுங்கள். ஆனால் வாரம் ஒரு சிறு தொகை கையில் கொடுங்கள். டீ குடிக்கக்கூட ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டிய நிலையில் வைத்தால் மனிதர் ஓடிவிடுவார், சரியாகவே ஓடுவார்.

முதல் வாரத்தில் அரசு மருத்துவமனைக்கு ஒரு முறை. காசநோய் பரிசோதனை கட்டாயம். உள்ளே சிகிச்சை தொடங்கியிருந்தால், விடுதலையாகும்போது மருந்துச் சீட்டும் நிக்‌ஷய் எண்ணும் (காசநோயாளிக்குத் தரப்படும் அரசுப் பதிவு எண்) வாங்காமல் விட்டால் நடுவில் மருந்து நின்றுவிடும். எச்.ஐ.வி. மருந்துக்கும் இதே கதைதான். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கியில் வரும், அதற்கும் கணக்கு வேண்டும். போதைப் பழக்கம் இருந்தவர் உள்ளே விட்டிருந்து, வெளியே வந்து பழைய அளவிலேயே எடுத்தால் உயிருக்கு ஆபத்து, உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். இதை நேரடியாக, வெட்கப்படாமல் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 14416.

வேலை

செக்யூரிட்டி வேலைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது மூடிய கதவு: காவலர்களை வைக்கும் ஏஜென்சிகள் போலீஸ் சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கக்கூடாது. வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைகளிலும் பின்னணி சரிபார்ப்பு உண்டு. கட்டுமானம், சமையல் காண்ட்ராக்ட், லேத், வெல்டிங், தறி, வாட்டர் சர்வீஸ், பேக்கரி ஆகியவற்றில் முதலாளி நேரடியாகப் பார்த்து முடிவு செய்வார். சிறையில் கற்ற தொழில் எது என்று கேளுங்கள். வேலூரில் காலணி, கோவையில் நெசவு, புழலில் பேக்கரி என்று கற்று வந்தவர்கள் இருப்பார்கள்.

முதலாளிக்குத் தெரிய வேண்டும், கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. முதலாளியிடம் சொல்வதற்கும் வேலைக்குப் போகிறவரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் பொய் எழுதச் சொல்லாதீர்கள். பிறகு தெரிந்தால் வழக்கைவிட மறைத்ததே பெரிய குற்றமாகப் பார்க்கப்படும். போக்சோ வழக்கில் இருந்தவரைப் பள்ளி, விடுதி, குழந்தைகள் வரும் இடம் எதற்கும் அனுப்பக்கூடாது. இதில் கருணைக்கு இடமில்லை.

தையல் மெஷின், தள்ளுவண்டி கொடுத்தால் புகைப்படம் நன்றாக வரும். மூன்று மாதம் கழித்து மெஷின் அடகில் இருக்கும். சொந்தத் தொழில் கேட்பவர் ஆறு மாதம் யாரிடமாவது வேலை செய்து முடித்த பிறகு, முத்ரா சிசு கடனுக்கு (50,000 ரூபாய் வரை) வங்கிக்கு அழைத்துப்போங்கள்.

வேலையை விட்டுவிடுவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். மேஸ்திரி ஒரு வார்த்தை அதட்டியிருப்பார். அல்லது பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்து, பழைய பதிவேட்டைப் பார்த்து போலீஸ் இவரைக் கூட்டிப்போயிருக்கும். அதற்காக அவர் பர்ஸில் உங்கள் வக்கீல் எண், 15100, அமைப்பின் எண் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும். இனி ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் வக்கீலைக் கேட்காமல் போட வேண்டாம். மீறியதாகச் சொன்னால் அதுவே மறுபடி உள்ளே போகக் காரணமாகலாம்.

பெண்கள்

ஆணுக்கு வாசலில் அம்மாவாவது நிற்பார். பெண்ணுக்குப் பல நேரம் யாரும் நிற்பதில்லை. கணவர் வேறு திருமணம் செய்திருப்பார், பிள்ளைகள் மாமியார் வீட்டிலோ குழந்தைகள் இல்லத்திலோ. பிள்ளையைத் திரும்பப் பெற மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் மனு, அவர்கள் கேட்பது நிலையான முகவரி. அதனால் பெண்களுக்கு இடம்தான் முதல், வேலை பிறகு. தற்காலிகமாகத் தங்க ஒருங்கிணைந்த சேவை மையத்தை 181-இல் கேட்கலாம். மகளிர் உரிமைத் தொகை, குடும்ப அட்டையில் பெயர் இல்லாததால் நழுவியிருக்கும். அட்டை சரியானதும் தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள். பெண்களைப் பார்க்கப் பெண் பணியாளர்தான் போக வேண்டும், தனியாக அல்ல.

கோப்பு

ஒருவருக்கு ஒரு கோப்பு, பூட்டிய அலமாரி, சாவி இரண்டு பேரிடம். நன்கொடையாளருக்குப் பெயரோ முகமோ ஊரோ போகக்கூடாது, விடுதலையானவரே சம்மதித்தாலும் முதல் வருடம் வேண்டாம். எத்தனை பேருக்கு முகாம் நடத்தினோம் என்பதை எண்ணாதீர்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எத்தனை பேர் போனை எடுக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், வாய்தா தவறியதா என்று எண்ணுங்கள்.

சிலர் திரும்ப உள்ளே போவார்கள். கோப்பை மூடாதீர்கள். அடுத்த மனு நாளில், அதாவது சிறையில் பார்க்க அனுமதிக்கும் நாளில், யாராவது போய்ப் பாருங்கள். வழக்குப் பட்டியலில் புதிய குற்ற எண்ணைச் சேருங்கள், அறையில் விட்டுப்போன பையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி, ஆதாரையும் பாஸ்புக்கையும் கவரில் போட்டு அவர் பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை அவர் வெளியே வரும்போது அலைச்சலில் பாதி அப்போதே குறைந்திருக்கும்.